வெண்ணெய் நான்காம் நாளே காறுவது ஏன்?

“முடிச்சூர் பக்கம் இரண்டு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறோம். சொசைட்டிக்கு ஊற்றியது போக மிச்சமாகும் பாலைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்கிறேன். மூன்று மாதமாக ஒரே புகார். ‘நான்காம் நாளே காறல் வாடை வருகிறது’ என்கிறார் ஒருவர். ‘ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் கல் மாதிரி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவ முடியவில்லை’ என்கிறார் இன்னொருவர். பத்து வீட்டில் நான்கு வீடு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் டால்டா சேர்த்துப் பிசைந்தால் மிருதுவாகவும் இருக்கும், சீக்கிரம் கெடவும் செய்யாது என்று தெரிந்த கடைக்காரர் யோசனை சொல்கிறார். சேர்க்கலாமா?”
- வாசகி, முடிச்சூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சேர்க்கவே கூடாது. வனஸ்பதி கலந்ததை வெண்ணெய் என்று விற்பது 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. கலப்படத்தைப் பிடிப்பதற்காகவே வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் நெடுங்காலம் விதி இருந்தது. நல்லெண்ணெய் இருந்தால் அமிலச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடைக்காரர் சொன்ன யோசனை வேலைக்கும் ஆகாது. வனஸ்பதி உருகும் வெப்பநிலை 31 முதல் 41 டிகிரி செல்சியஸ். அதுவே ஃப்ரிட்ஜில் கட்டியாகிவிடும் பொருள். அதைச் சேர்த்து வெண்ணெயை எப்படி மிருதுவாக்க முடியும்? கெடாமல் இருக்கும் என்பதும் சரியல்ல. இந்த வாசகியின் வெண்ணெயைக் கெடுப்பது அதற்குள் தங்கிப்போன மோரும் தண்ணீரும். அவை உள்ளே இருக்கும்வரை எதைச் சேர்த்தாலும் நான்காம் நாள் அதே வாடைதான் வரும்.

இரண்டு புகார்களுக்கும் காரணம் வேறு வேறு. காறல் வருவது கடையும்போதும் கழுவும்போதும் நடக்கும் தவறு. கல்லாக இறுகுவது மாட்டின் தீவனத்தில் இருந்து வருகிறது. முதலாவதை இந்த வாரமே சரிசெய்யலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வாடையை வைத்தே தவறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிட முடியும். அழுகல் மாதிரியோ, பழைய சீஸ் மாதிரியோ நாறினால், கழுவிய தண்ணீரில் கிருமி இருந்திருக்கிறது. சோப்பு மாதிரி கசந்தால், காய்ச்சாத பாலில் இருந்து பிரித்த கிரீமில் கடைந்திருக்கிறார்கள். பச்சைப் பாலில் உள்ள கொழுப்பைச் சிதைக்கும் நொதி அதில் உயிரோடு இருக்கும். பெயின்ட் மாதிரியோ மீன் மாதிரியோ வாடை வந்தால் காற்று, வெளிச்சம், செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம் என்று தேட வேண்டும். இந்த மூன்றாவது வகை மெதுவாக வருவது. நான்காம் நாளே கெடுகிறது என்றால் பெரும்பாலும் முதல் வகை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் அப்படியே ஊற்றிக் கழுவும் வீடுகள் நிறைய. தண்ணீரில் இரும்புச் சத்து இருந்துவிட்டால் அதுவும் தன் பங்குக்குக் காறலை வேகப்படுத்தும். கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தண்ணீரில் மட்டுமே வெண்ணெயைக் கழுவ வேண்டும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

அடுத்தது, கடையும்போது தயிரின் சூடு. சித்திரையில் இந்தப் பகுதியில் காலை ஏழு மணிக்கே தயிர்ப் பானை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் கடைந்தால் வெண்ணெய் பிசுபிசுவென்று வரும். மோரையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொழுப்பில் ஒரு பங்கு மோரோடு போய்விடும். தயிர் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், விரல் விறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் கடைந்ததற்கு இதுதான் காரணம். இப்போது கடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தயிர்ப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், அல்லது பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்கலாம். மீன் கடைக்கு வரும் பாளம் ஐஸைத் தயிருக்குள் உடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாவத்தை மட்டும் செய்ய வேண்டாம். காய்ச்சிய தண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்த ஐஸ் என்றால் சேர்க்கலாம்.

கடைவதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். உருண்டை திரளும்வரை கடைந்து, ஒரே கட்டியாக அள்ளுவது நம் வீடுகளில் வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கட்டியாகத் திரளும்போதே மோரைச் சுற்றி வளைத்து உள்ளே பூட்டிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் மேற்பரப்பில்தான் ஓடும். வெண்ணெய் கடுகு, கோதுமை அளவு மணிகளாக மிதக்கும்போதே மத்தை நிறுத்திவிட வேண்டும். மோரை வடித்துவிட்டு, வடித்த மோரின் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி வடிக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று முறை, தண்ணீர் தெளியும்வரை. அதற்கு மேல் கழுவினால் மணம் போய்விடும்.

கழுவிய பிறகு பிசைவது முக்கியமான வேலை. கையால் பிசையக் கூடாது. கைச் சூட்டில் வெண்ணெய் இளகும், கையில் இருப்பதெல்லாம் வெண்ணெய்க்குப் போகும். கொதிநீரில் முக்கி எடுத்துக் குளிரவைத்த மரக்கரண்டியால், சாய்த்து வைத்த தட்டில் அழுத்தி அழுத்தி மடிக்க வேண்டும். தண்ணீர் கசிந்து வழிந்துகொண்டே இருக்கும். கசிவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிசைய வேண்டும். மிச்சமிருக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகளாக உடைய வேண்டும் என்பதற்காகத்தான் இது. பெரிய துளியில் கிருமிக்கு இடமும் உணவும் கிடைக்கும். பொடித்துளியில் அகப்பட்ட கிருமி பெருக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். கத்தியால் வெட்டினால் வெட்டுமுகம் வறண்டு இருக்க வேண்டும். முத்து முத்தாக நீர் கோத்தால் பிசைந்தது போதவில்லை.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 கிராம் வெண்ணெயை நிறுத்து, சிறு வாணலியில் மெல்லிய தீயில் உருக்க வேண்டும். சடசடப்பு அடங்கியதும், சிவக்கும் முன்பே இறக்கி, ஆறவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடை முழுவதும் தண்ணீர். உப்பு சேர்த்த டேபிள் பட்டரில் கொழுப்பு 80 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. உப்பில்லாத சமையல் வெண்ணெய்க்குக் கொழுப்பு குறைந்தது 76 சதவிகிதம். இந்தச் சோதனையில் 25, 30 கிராம் குறைகிறது என்றால், வாங்குகிறவர்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். நின்றுபோன நான்கு வீடுகளுக்கும் கோபம் வந்ததில் நியாயம் இருக்கலாம்.

உப்பு சேர்த்தால் வைப்புக்காலம் நீளும். கிலோவுக்கு 20 கிராம் தூள் உப்பு என்பது கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால், உப்பு கொழுப்பில் கரையாது. உள்ளே இருக்கும் 160 கிராம் தண்ணீரில் மட்டும் கரையும். அந்தத் தண்ணீர் 11 சதவிகித உப்புநீராகிவிடும். ஊறுகாய் ஜாடியின் உப்பு அது. பல கிருமிகளுக்கு அங்கே வேலையில்லை. கல் உப்பு கூடாது, வரி வரியாகத் தெரியும். கைக்குழந்தைக்கும் சாமிக்கும் கேட்பவர்களுக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்துவைத்து, “ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்” என்று சொல்லியே கொடுக்கலாம்.

இப்போது கல் விஷயத்துக்கு வருவோம். பால் கொழுப்பு ஒரே பொருளல்ல. சீக்கிரம் இளகும் கொழுப்பும் எளிதில் இளகாத கொழுப்பும் கலந்தது. எது அதிகம் என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது மாடு தின்பது. பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் வெண்ணெய் இளக்கமாகவும் மஞ்சளாகவும் இருக்கும். வைக்கோலும் பருத்திக்கொட்டையுமாகத் தின்றால் இறுகலாகவும் வெளிறியும் இருக்கும். பருத்திக்கொட்டை வெண்ணெயை இறுக்கும் என்பது பால்வளத் துறையினர் நெடுங்காலமாக அறிந்த விஷயம். தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்கரைகளும் மந்தைவெளிகளும் பிளாட்டுகளாகிப் போன பிறகு, பெருங்களத்தூரிலும் மண்ணிவாக்கத்திலும் கட்டுத்தறியில் நிற்கும் மாடுகளுக்குப் பச்சை என்பதே அபூர்வம். கடையில் வாங்கிய வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டை என்று ஓடுகிறது பிழைப்பு. அடுக்குமாடி வீட்டுக்காரர் ரொட்டியில் தடவ முடியாமல் தவிப்பதற்கும், அந்த அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பு புல் இருந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஐந்து பத்து சென்ட் இடம் இருந்தாலும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை நடலாம். வேலியோரம் அகத்தி, வேலிமசால் வளர்க்கலாம். இடமே இல்லையென்றால் படப்பை, ஒரகடம் பக்கம் பசுந்தீவனம் பயிர் செய்கிறவர்களிடம் வாரம் இருமுறை வாங்குவது பருத்திக்கொட்டைச் செலவோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பருத்திக்கொட்டையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கூட்டலாம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் நஞ்சு பாலில் வரும். இரண்டு மூன்று வாரத்தில் வெண்ணெயின் நிறத்திலேயே மாற்றம் தெரியும்.

தீவனக் கரணைக்கும் பயிற்சிக்கும் காட்டுப்பாக்கத்தில் விசாரிக்கலாம். பூந்தமல்லிச் சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் அல்ல. காட்டாங்குளத்தூர் பக்கம் உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன.

தீவனம் மாறும்வரை என்ன செய்வது? இதே பிரச்னை ஸ்வீடன் நாட்டில் இருந்தது. பனிக்காலத்தில் மாடுகள் கொட்டகைக்குள் காய்ந்த புல் தின்னும்; வெண்ணெய் கல்லாகும். அங்கே ஆல்நார்ப் என்ற ஊரில் பால்வள ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கிரீமை முதலில் நன்றாகக் குளிரவைத்து, பிறகு கொஞ்சம் சூடேற்றி, மறுபடி குளிரவைத்துக் கடைவது. முதல் குளிரில் கொழுப்பு முழுவதும் உறைகிறது. நடுவில் சூடேற்றும்போது சீக்கிரம் இளகும் கொழுப்பு மட்டும் உருகிப் பிரிகிறது. அது தனியாக நின்றுவிடுவதால் வெண்ணெய் மிருதுவாக அமைகிறது. தொழிற்சாலை முறைதான் என்றாலும், ஆடை சேர்த்துக் கடையும் நம் வீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். காய்ச்சிய பாலில் எடுத்த ஆடையை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் ஒரு கரண்டித் தயிரைக் கலந்து, 20 டிகிரித் தண்ணீருக்குள் பாத்திரத்தை இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரில் அவ்வப்போது ஐஸ் போட வேண்டியிருக்கும். ஆடை லேசாகப் புளித்ததும் மறுபடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கடையலாம். ஒரு வாரத்துக்கு மேல் ஆடை சேர்த்து வைக்கக் கூடாது. பழைய ஆடையில் தொடங்கினால் வெண்ணெய் பிறக்கும்போதே காறலோடுதான் பிறக்கும்.

இவ்வளவு வேலை லாபம் தருமா என்று கேட்கலாம். நாலு சதவிகிதக் கொழுப்புள்ள பசும்பாலில் லிட்டருக்கு 41 கிராம் கொழுப்பு. ஒரு கிலோ வெண்ணெய்க்குக் கணக்குப்படி 20 லிட்டர் பால். மோரோடு போவதையும் சேர்த்தால் 22 முதல் 25 லிட்டர். அதாவது, சூடான தயிரைக் கடைகிறவர் கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டர் பாலை மோரில் விட்டுவிடக் கூடும். ஐஸ் செலவைவிட அது அதிகம். விற்பனை என்று வந்துவிட்டால், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். சிறு உற்பத்தியாளர்களுக்கான பதிவு எளிதானது.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த நல்ல வெண்ணெயும் நாலைந்து டிகிரியில் இறுகத்தான் செய்யும். தடவுவதற்கு ஏற்ற இளக்கம் 15 முதல் 20 டிகிரிக்குள். தாம்பரத்தில் எந்த மாதத்திலும் வீட்டுக்குள் அந்தக் குளிர் இருப்பதில்லை. ஃப்ரிட்ஜுக்குள் கல், வெளியே எண்ணெய் என்பதுதான் நம் ஊர் நிலைமை. தேவையான துண்டை மட்டும் வெட்டி, மூடி, வெளியே வைக்க வேண்டும். வைகாசியில் பத்து நிமிடம் போதும், மார்கழியில் அரை மணி ஆகலாம். முழுக் கட்டியையும் தினமும் வெளியே எடுத்து உள்ளே வைப்பது அதைக் கெடுக்கும் வழி. மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் உருகி ஓரம் கட்டியாக நிற்கும். இதைச் சின்னச் சீட்டில் எழுதி வெண்ணெயோடு கொடுத்துப் பார்க்கலாம்.

“நாங்கள் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் வெண்ணெய் எடுக்கிறோம். ஃப்ரிட்ஜ் இல்லை. தண்ணீருக்குள் போட்டுவைக்கிறோம். எத்தனை நாள் தாங்கும்?”
- வாசகர், படப்பை

தண்ணீரில் போடுவது நல்ல வழக்கம்தான். காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஆனால், காய்ச்சி ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும், காலையும் மாலையும் மாற்ற வேண்டும். தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பு கரைத்தால் இன்னும் நல்லது. மண்பானையில் வைத்து, பானையை ஈர மணலில் புதைத்து, ஈரத் துணி போர்த்தினால் வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி குறையும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் இந்தக் குளிர்ச்சி குறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. வெயில் காலத்தில் இரண்டு நாள், மார்கழி தையில் மூன்று நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் நல்லது.

அதற்கு மேல் வைக்க வேண்டும் என்றால் நெய்யாக உருக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு கிலோ வெண்ணெயில் 750 முதல் 800 கிராம் நெய் கிடைக்கும். நெய்யில் ஈரம் அரை சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த வறட்சிதான் அதை மாதக்கணக்கில் காப்பாற்றுகிறது. ஃப்ரிட்ஜ் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி மின்சாரம் போய் உருகிய வெண்ணெயை மறுபடி உறைய வைத்தால் மணல் மாதிரி நறநறக்கும். உருகிய அன்றே அடுப்பேற்றிவிட வேண்டும்.

“கடையில் பல பெயர்களில் விற்கிறார்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததுமே தடவ முடிகிறவை உடலுக்கு நல்லதா? எதைப் பார்த்து வாங்குவது?”
- வாசகி, சேலையூர்

முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். ‘பட்டர்’ என்று இருந்தால் அது முழுக்கப் பால் கொழுப்பு. ‘ஃபேட் ஸ்ப்ரெட்’, ‘டேபிள் ஸ்ப்ரெட்’, ‘மார்ஜரின்’ என்றால் தாவர எண்ணெய் கலந்ததாகவோ முழுக்கத் தாவர எண்ணெயாகவோ இருக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததுமே தடவ வருகிறதென்றால் பெரும்பாலும் அதில் திரவ எண்ணெய் இருக்கிறது. அதனாலேயே அது கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. லேபிளில் அந்த அளவைப் பார்த்து வாங்கலாம். வெண்ணெய் என்று நினைத்து, வெண்ணெய் விலை கொடுத்து, வேறொன்றை வாங்குவதுதான் நஷ்டம்.

ஸ்வீடனில் 1969-ல் வெண்ணெயோடு கடுகு இனத்து எண்ணெய் கலந்து ‘பிரெகாட்’ என்று தனிப் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதே மாதிரி செய்துகொள்ளலாம். இளகிய வெண்ணெய் 250 கிராமுக்கு வாடையில்லாத கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ 80 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாக அடித்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் கரண்டியால் வழித்துத் தடவலாம். எப்போதும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், வெளியே ஓடிவிடும். விற்பதாக இருந்தால் இதை வெண்ணெய் என்று சொல்லக் கூடாது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எருமை வெண்ணெய் இயற்கையாகவே வெள்ளை. புல்லில் உள்ள மஞ்சள் நிறச் சத்தை எருமை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகிறது. பசு அதில் கொஞ்சத்தை அப்படியே கொழுப்பில் விடுகிறது. திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வாங்கித் தந்தது எருமைப் பால்தான். கடைக் கட்டிகளில் சில மஞ்சளாக இருப்பதற்கு அன்னாட்டோ என்ற விதைச் சாயம் காரணமாக இருக்கலாம். அது அனுமதிக்கப்பட்டது, லேபிளில் போட்டிருப்பார்கள். தளர்வாக விற்கும் வெண்ணெயில் கிழங்கு மசித்துக் கலந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், அரை தேக்கரண்டி எடுத்து இரண்டு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பார்க்கலாம். நீலமானால் மாவுப்பொருள் இருக்கிறது. வனஸ்பதிக்கான அமிலச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம், ஆபத்து.

அளவைப் பொறுத்தவரை, வெண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நிறைவுற்ற கொழுப்பின் உச்ச அளவு சுமார் 22 கிராம். 15 கிராம் வெண்ணெயிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். ஓடியாடும் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு தேக்கரண்டி தருவதில் தவறில்லை. சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கியதும் கட்டியை 100 கிராம் துண்டுகளாக வெட்டி, பட்டர் பேப்பரில் காற்றுப் புகாமல் சுற்றி, ஒன்றைக் கீழ்த் தட்டிலும் மற்றவற்றை ஃப்ரீசரிலும் வைக்கலாம். ஃப்ரீசரில் மூன்று நான்கு மாதம் தாராளமாக இருக்கும். தோசை மாவு, நறுக்கிய வெங்காயம், கருவாடு இவற்றின் பக்கத்தில் மூடாமல் வைத்தால் மறுநாளே வெண்ணெயில் அந்த வாடை ஏறிவிடும்.